பிள்ளைக்கு முட்டை ஆகாது

வேலையை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் பகல் பன்னிரண்டு மணி ஆனால் நான் பாட்டுக்கு வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன். நெஞ்சு படபடப்பதில்லை. யாரும் என் முன்னால் டோக்கனை ஆட்டிக்கொண்டு நிற்பதில்லை. பாஸ்ட் புட் கடைக் கவுண்டரில் பதினேழு வருஷம் நின்றவளுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று இப்போது சொன்னால் உங்களுக்குப் புரியாது. நின்று பாருங்கள், புரியும்.

புதிதாக நான்கு பேர் சேர்ந்திருக்கிறீர்கள் என்று முதலாளி போனில் சொன்னார். ஒரு நாள் கடைக்கு வந்து பேசச் சொன்னார். முட்டி வலியோடு பஸ் ஏறி இறங்க முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். பில் போடுவது, டோக்கன் கொடுப்பது, பார்சல் கட்டுவதெல்லாம் இரண்டு நாளில் கை பழகிவிடும். அதை நான் எழுதி நீங்கள் படிக்க வேண்டியதில்லை. வந்து நிற்கிறவர்கள் கேட்பார்கள் பாருங்கள், அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

நம் ஊரில் அவர்கள் கேட்காதது ஒன்றும் கிடையாது. காரமே இல்லாத சில்லி சிக்கன் கேட்பார்கள். மதுரையில் ஏதோ கல்யாண வீட்டில் சாப்பிட்ட நூடுல்ஸைப் போட்டோ எடுத்து வந்து, இதே மாதிரி வேண்டும் என்பார்கள். ஒருவர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இல்லை, வேறு தட்டு கொடுங்கள் என்றார். “நல்லா இல்லாததையா அண்ணாச்சி ஒரு பருக்கை மிச்சம் வைக்காம சாப்பிட்டீக?” என்று கேட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவர்களுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். முடியாததை முடியாது என்று முகம் சுளிக்காமல் சொன்னால் முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் திட்டிவிட்டுப் போவார்கள். நாளைக்குப் பசித்தால் திரும்பி வருவார்கள்.

காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸிலிருந்து ஒருவர் வாரத்துக்கு ஒரு தடவை வருவார். ஒரு நாள் கோபி மஞ்சூரியன் தட்டைக் கவுண்டருக்கே தூக்கி வந்து, “இந்தச் செவப்பு சரியில்லயே, போன வாரம் வந்த செவப்பு வேற” என்றார். தட்டை வெயிலில் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார். அவர் போன பிறகு நாங்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சாயங்காலம் ஸ்டோர் ரூமில் பார்த்தால், கடைக்குச் சாஸ் போடுகிறவர் எங்களிடம் சொல்லாமல் கம்பெனியை மாற்றிப் போட்டிருக்கிறார். மட்டமான சரக்கு. பிரஸ்ஸில் நாள் முழுக்க நிறம் பார்க்கிற கண், எங்களுக்குத் தெரியாததைக் கண்டுபிடித்துவிட்டது. அதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. புத்தி வந்த கதையைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன். அதில் தப்பு செய்தவள் நான். வேறு யாரும் இல்லை.

ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய புரட்டாசி. கடைசி சனிக்கிழமை. பட்டாசு சீசன் முடிகிற நேரம். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கடைசி லோடு ஏற்றி அனுப்பிவிட்ட சந்தோஷத்தில், வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் அன்று மதியச் சாப்பாடு முதலாளி கணக்கு. நூற்றிருபது முட்டை பிரைடு ரைஸ் பார்சல், பன்னிரண்டரைக்குள் வேண்டும் என்று காலை பத்து மணிக்குத்தான் ஆர்டர் வந்தது. முந்தின நாளே சொல்லியிருக்க வேண்டிய ஆர்டர். எங்களிடம் இருந்தது இரண்டு அடுப்பு, ஒரு மாஸ்டர், அவருக்கு ஒரு கையாள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரிய ஆர்டர் என்றால் ஒரு பெருமைதானே. சரி என்றுவிட்டேன்.

பதினொன்றரைக்கே அந்தக் கம்பெனியின் போர்மேன் பைக்கில் வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும். கனத்த குரல். கூட வந்த லோடு ஆட்டோவை வாசலில் நிறுத்தச் சொல்லிவிட்டு, அவர் கவுண்டரில் என் முன்னால் முழங்கையை ஊன்றி நின்றுகொண்டார். ஒவ்வொரு பார்சலாக எண்ணினார். பொட்டலம் சின்னதாக இருக்கிறது என்றார். வெங்காயம் கம்மி என்றார். நம் ஆட்கள் பசியில் இருப்பார்கள் என்று பத்து தடவை சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் பேசப் பேச எனக்கு எண்ணிக்கை தப்ப ஆரம்பித்தது. மாஸ்டர் மட்டும் சட்டியைப் புரட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது. என்னைவிட எவ்வளவோ சின்னவர். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அவர் நிதானம் தப்பி நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில்தான் அவள் வந்தாள். முப்பது வயதுக்குள் இருப்பாள். நகக்கண்ணில் வெள்ளி மாதிரி மினுமினுப்பு ஒட்டியிருந்தது. பட்டாசு வேலைக்குப் போகிற பெண் என்று பார்த்ததுமே தெரிந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே வந்திருப்பாள் போல.

“அக்கா, ஒரு வெஜ் பிரைடு ரைஸ் பார்சல். முட்ட சேக்கக் கூடாது. சட்டியக் கழுவிட்டுச் செய்யச் சொல்லுங்க. கரண்டியும் வேற கரண்டியா இருக்கணும். பிள்ளைக்கு முட்ட ஆகாது.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புரட்டாசி சனிக்கிழமை. காலையிலிருந்தே விரதக்காரர்கள் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முட்டை பட்ட சட்டி கூடாது, கறி வெட்டிய கத்தி கூடாது என்று. அவ்வளவு விரதம் இருக்கிறவர்கள் முட்டை வேகிற கடைக்கு எதற்கு வர வேண்டும் என்று எனக்குள் புகைந்துகொண்டிருந்தது. நம் பக்கத்தில் ‘ஆகாது’ என்ற வார்த்தையை எதற்கும் சொல்வோம். செவ்வாய்க்கிழமை முடி வெட்டினால் ஆகாது. வடக்கே தலை வைத்துப் படுத்தால் ஆகாது. அவள் சொன்னதையும் என் காது அந்த வரிசையில் போட்டுக்கொண்டது. பிள்ளை பேரில் ஏதோ நேர்ச்சை என்று நினைத்தேன்.

அவள் பர்ஸிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். மடித்து மடித்து மடிப்பில் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருந்த சீட்டு. “இதப் பாருங்கக்கா” என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, படிக்காமலே பில் மெஷினுக்கு அடியில் செருகினேன். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினேன்.

“ஒரு வெஜ் ரைஸ், முட்டை வேண்டாம்.”

நான் சொன்னது அவ்வளவுதான். சட்டியைப் பற்றியோ கரண்டியைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் அடுப்பை நிறுத்திச் சட்டியைக் கழுவினால் ஐந்து நிமிஷம் போகும். போர்மேன் என் தலையில் ஏறுவார். மாஸ்டர் அப்போதுதான் எட்டுப் பார்சலுக்கான முட்டை ரைஸை அந்தச் சட்டியிலிருந்து தள்ளியிருந்தார். துணியால் ஒரு துடை துடைத்தார். எண்ணெய் ஊற்றினார். முட்டைக்கோஸைப் போட்டார்.

பார்சலைக் கையில் வாங்கியபோது அவள் கேட்டாள்.

“கழுவிட்டுத்தானக்கா செஞ்சாக?”

“ஆமாம்மா, கழுவிட்டுத்தான்.”

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போர்மேனுக்கு அறுபத்தி மூன்றா அறுபத்தி நாலா என்று பார்சல் எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு சீட்டைத் திரும்பக் கேட்காமலே போய்விட்டாள். சில்லறைப் பொய் என்று ஒன்று உண்டு என்று அதுவரை நினைத்திருந்தேன். வியாபாரத்தில் எல்லோரும் சொல்கிற பொய். இப்போ வந்துவிடும் என்பது, புது எண்ணெய்தான் என்பது. அன்றைக்கு நான் சொன்னதும் அந்தக் கணக்கில் ஒன்று என்றுதான் எனக்குத் தோன்றியது. தோன்றியது என்ன, யோசிக்கவே இல்லை.

இருபது நிமிஷம் கழித்து, வந்தவுடன் தான் கொடுத்திருந்த ஆர்டர் பேப்பரை எடுத்துக் காட்டச் சொன்னார் போர்மேன். அதில் தனியாகச் சில்லி சிக்கனும் எழுதியிருந்ததாம். பில் மெஷினைத் தூக்கினேன். கையில் வந்தது அந்தச் சீட்டு. ஆர்டர் பேப்பர் என்று நினைத்துத்தான் பிரித்தேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டு. மேலே பிள்ளையின் பெயர், கதிர்வேல். வயது மூன்று. ஊர் ஆமத்தூர். கீழே டாக்டர் தமிழில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். முட்டை அறவே கூடாது. முட்டை சமைத்த பாத்திரம், கரண்டி, எண்ணெய் எதுவும் கூடாது. மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரவும். கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது.

சீட்டோடு உள்ளே போனேன். சட்டியைக் கழுவினாயா என்று மாஸ்டரிடம் கேட்டேன்.

“நீங்க கழுவச் சொல்லலியேக்கா. முட்ட வேண்டாம்னு மட்டுந்தான் சொன்னீக.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. சீட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். படித்தார்.

அடுத்த அரை நிமிஷத்தைப் பற்றி நான் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். ஒன்றும் ஆகாது என்று என் மனசு சொன்னது. ஒரு துணுக்கு முட்டை என்ன செய்துவிடும் என்றது. டாக்டர்கள் எப்போதும் கூட்டித்தான் எழுதுவார்கள் என்றது. போன் நம்பர் இல்லை, தெருப் பெயர் இல்லை, எங்கே போய்த் தேடுவாய் என்றது. வாசலில் லோடு ஆட்டோ நிற்கிறது, இன்னும் ஐம்பது பார்சல் பாக்கி, ஹாலில் ஆள் நிற்கிறது, நீ போனால் கவுண்டரை யார் பார்ப்பது என்றது. ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. நெருக்கடியில் நம் மனசு நமக்குச் சாதகமாக எவ்வளவு வேகமாக வக்கீல் வேலை பார்க்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். சீட்டை மடித்துக் குப்பையில் போட்டிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

மாஸ்டர் கையை நீட்டி இரண்டு அடுப்பையும் அணைத்தார்.

நம் கடை அடுப்பு எரிகிற சத்தம் உங்களுக்குத் தெரியும். காலையில் பற்றவைத்தால் அது பாட்டுக்கு இரைந்துகொண்டே இருக்கும். நமக்கே காது மரத்துவிடும். நடுப்பகலில் அது நின்றதும் கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள்.

“போங்கக்கா. கவுண்டர நான் பாத்துக்கிடுறேன்” என்றார் மாஸ்டர்.

போர்மேன் கத்த ஆரம்பித்தார். அடுப்பை எதற்கு அணைத்தீர்கள், நூறு பேர் பட்டினி கிடக்கிறார்கள், இதற்குத்தான் வேறு கடையில் சொல்லியிருக்க வேண்டும் என்று. எனக்குச் சமாளிக்க ஒரு பொய்கூட வாயில் வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஹாலில் அத்தனை பேர் கேட்க, உள்ளதைச் சொன்னேன்.

“அண்ணாச்சி, நான் தப்பு பண்ணிட்டேன். ஒரு பச்சப் பிள்ளைக்கு முட்டை பட்டா மூச்சு நின்னுரும்னு சீட்டு கொடுத்தாக. நான் படிக்கல. முட்ட பட்ட சட்டியிலயே செஞ்சு, கழுவியாச்சுன்னு பொய் சொல்லிக் கொடுத்து அனுப்பிட்டேன். நான் ஆமத்தூருக்குப் போகணும்.”

அவர் கவுண்டரிலிருந்து முழங்கையை எடுத்தார். “பிள்ளைக்கு எத்தன வயசு?” என்றார். மூன்று என்றேன். உடனே போனை எடுத்தார். எழுபது பார்சலோடு ஆட்டோ வருகிறது, பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களும் வயசானவர்களும் முதலில் சாப்பிடட்டும், மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று கம்பெனிக்குச் சொன்னார். ஆட்டோவை அனுப்பினார். பைக் சாவியை எடுத்துக்கொண்டு, “ஏறுங்க” என்றார். ஒரு மணி நேரமாக ஐந்து நிமிஷம்கூட விட்டுத் தராத மனுஷன் அவர்.

திருத்தங்கல் தாண்டி ஒரு டவுன் பஸ் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதில் இருப்பாள் என்று நினைத்து, போர்மேன் பஸ்ஸை முந்திக் கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்தினார். டிரைவர் கண்டபடி திட்டினார். நான் ஏறி முன்னாலிருந்து பின்னால் வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவள் இல்லை. அப்படியானால் முந்தின பஸ்ஸில் போயிருக்கிறாள். இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பாள். ஒரு துணுக்குத்தானே அண்ணாச்சி பட்டிருக்கும் என்று அவரிடம் கேட்டேன். ஆறுதலாக ஏதாவது சொல்லமாட்டாரா என்றுதான்.

“எங்க பட்டாசுத் தொழில்ல துணுக்குன்னு ஒண்ணு கிடையாதுக்கா” என்றார். ஆமத்தூர் வரை வேகத்தைக் குறைக்கவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் ஒரு பலசரக்குக் கடையில் நிறுத்தி, கதிர்வேல் என்று மூன்று வயதுப் பையன், அவன் வீடு எது என்று கேட்டோம். கடையிலிருந்த அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. முட்டை ஆகாத பிள்ளை என்றேன். அந்த அம்மா உடனே எழுந்துவிட்டார்.

“அந்தப் பிள்ளையா? தண்ணி டேங்குக்குப் பின்னால மூணாவது வீடு. என்ன ஆச்சு?”

கை காட்டிக்கொண்டே அவர் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. போன வருஷம் அங்கன்வாடியில் முட்டை தின்று, முகமெல்லாம் வீங்கி, மூச்சு இழுத்து, ஊரே கூடித் தூக்கிக்கொண்டு ஓடியதாம். அன்றையிலிருந்து அந்தத் தெருவில் யாரும் அந்தப் பிள்ளைக்குத் தின்பதற்கு ஒன்றும் கொடுக்கமாட்டார்களாம். ஒரு ஊருக்கே தெரிந்ததை அவள் எனக்கும் சொல்லியிருக்கிறாள். எழுத்தில் வேறு காட்டியிருக்கிறாள்.

மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு பையன் உட்கார்ந்து தட்டிலிருந்து அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். புதுச் சட்டை. வாய் நிறையச் சோறு. ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்கினேன். அவன் வீல் என்று அழுதான்.

தட்டில் இருந்தது பருப்புச் சோறு. மஞ்சளாக, நெய் மணக்க, வீட்டுப் பருப்புச் சோறு.

சத்தம் கேட்டு அவள் உள்ளேயிருந்து வந்தாள். என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. நான் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

“கொடுக்கலக்கா. பிரிச்சுக் கிளறிப் பாத்தேன். நகக்கண்ணு அளவுக்கு மஞ்சளா ஒரு துணுக்கு கெடந்துச்சு. அப்படியே கட்டி வச்சிட்டேன்.”

நான் அங்கேயே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அடக்க முடியவில்லை. பக்கத்தில் அந்தப் பையனும் தட்டுக்காக அழுதுகொண்டிருந்தான். போர்மேன் பைக்கைப் பிடித்தபடி, துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தட்டை என் கையிலிருந்து வாங்கிப் பிள்ளையிடம் கொடுத்தாள். எனக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

தண்ணீர் குடித்த பிறகு, எப்படிம்மா பிரித்துப் பார்க்கத் தோன்றியது என்று கேட்டேன்.

“கழுவிட்டுத்தான்னு சொன்னப்ப நீங்க என் மொகத்தப் பாக்கலியேக்கா. மெய்யாலுமே கழுவியிருந்தா பாத்துச் சொல்லியிருப்பீக.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சொன்னதுதான் கோபம். “நான் நம்பியிருந்தா?” என்றாள். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. சீட்டை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள். கேக்கில் முட்டை இருக்கும் என்று அவனுக்குக் கேக் வாங்கிக் கொடுத்ததே கிடையாதாம். தெருப் பிள்ளைகள் எல்லாம் பிரைடு ரைஸ் பார்சல் பிரித்துத் தின்பதைப் பார்த்து, தனக்கும் கடைச் சோறு வேண்டும் என்று ஒரு மாசமாகக் கேட்டிருக்கிறான். இரண்டு கடைகளில் சட்டியைக் கழுவித் தர முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். நாங்கள்தான் சரி என்று சொன்ன கடை.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்துப் படியுங்கள். முடியாது என்று சொன்ன அந்த இரண்டு கடைக்காரர்களும் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவள் மனசு வாடியிருக்கும், அவ்வளவுதான். கூட்டமாக இருக்கிறது, இப்போது என்னால் முடியாதும்மா என்று நானும் சொல்லியிருந்தால் அவள் என்னைத் திட்டிவிட்டுப் போயிருப்பாள். பிள்ளைக்கு ஒரு ஆபத்தும் வந்திருக்காது. யோசிக்காமல் சரி சரி என்ற நான்தான் அந்த ஊரிலேயே ஆபத்தான ஆள். வாடிக்கையாளர் மனம் கோணக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். கோணட்டும். அது பரவாயில்லை. நீங்கள் கண்ணால் பார்க்காததற்கு ஆமாம் சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. முட்டை ஆகாத பிள்ளையின் தாயும், வம்புக்கு என்று வருகிறவரும் கவுண்டரில் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். சட்டியைக் கழுவு, கரண்டியை மாற்று, மறுபடி பார் என்று. எது எது என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க எனக்குப் பதினேழு வருஷத்திலும் தெரியவில்லை. அதனால் நான் கண்டுபிடிக்கிற வேலையையே விட்டுவிட்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். “எதுக்காகம்மா?” என்று கேட்க ஒரு மூச்சு நேரம் ஆகாது.

திரும்பி வரும்போது போர்மேன் மெதுவாகத்தான் ஓட்டினார். வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி இரண்டு டீ சொன்னார். நான் டீயைச் சேலையில் சிந்திக்கொண்டேன். அவர் சட்டையில் சிந்திக்கொண்டார். இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்தோம். கடைக்கு வந்தால், மாஸ்டர் மீதி ஐம்பது பார்சலையும் கட்டி அடுக்கி வைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார், போதும் என்று திரும்பி, அடுத்த ஆர்டருக்கு அடுப்பைப் பற்றவைத்தார். நான்கு நாள் கழித்து, நான் சொல்லாமலே தன் கைக்காசில் ஒரு புதுச் சட்டியும் கரண்டியும் வாங்கி வந்து, முட்டைத் தட்டு இருக்கிற பக்கம் வராமல் எதிர்ச் சுவரில் மாட்டினார். முதலாளி முதலில் என்னைத் திட்டினார், பிறகு சட்டிக்கான பணத்தை மாஸ்டரிடம் கொடுத்தார்.

அவளிடம் நான் கிளம்பும்போது, ஒரு நாள் காலை பத்து மணிக்கு, கடை திறக்கும் முன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருந்தேன். அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தீபாவளி போனது. கார்த்திகை பிறந்தது. வரமாட்டாள் என்று விட்டுவிட்டேன். நானாக இருந்தால் போயிருக்கமாட்டேன்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு செவ்வாய்க்கிழமை, தரை துடைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை.

வெளி ஆட்கள் கிச்சனுக்குள் வரக் கூடாது என்பது விதி. நான் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். மாஸ்டர் புதுச் சட்டியை அவள் கண் முன்னால் இரண்டு தடவை கழுவினார். எண்ணெய் டின்னைப் புதிதாக உடைத்தார். அன்றைக்கு ஒரு முட்டையும் இன்னும் உடைக்கவில்லை என்று தட்டைக் காட்டினார். அவள் கையைக் கட்டிக்கொண்டு அடுப்பு ஓரமாக நின்று கடைசிவரை பார்த்தாள். நான் ஹாலில் பையனுக்குக் காவல்.

பிரைடு ரைஸ் வந்தது. ஒரு மாசம் அழுது கேட்ட பையன் இரண்டு வாய் தின்றான். தட்டைத் தள்ளிவிட்டான். சுவரில் ஒட்டியிருந்த நூடுல்ஸ் படத்தைக் காட்டி, அதுதான் வேண்டும் என்றான்.

“ஏலே, அதுல முட்ட இருந்தாலும் இருக்கும்லே” என்றாள் அவள். பிள்ளை உதட்டைப் பிதுக்கினான்.

நான் ஸ்டோர் ரூமுக்குப் போய் நூடுல்ஸ் பாக்கெட்டைக் கொண்டுவந்தேன். பின்னால் பொடிப் பொடியாக இங்கிலீஷ் எழுத்து. கண்ணாடி போட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மாஸ்டர் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார். இல்லை என்றார். அவள் பாக்கெட்டை வாங்கி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே தானும் ஒரு தடவை பார்த்தாள்.

“எனக்கு இங்கிலீஷ் வராதுக்கா. முட்டைக்கு மூணெழுத்து. அத மட்டும் எங்கன இருந்தாலும் என் கண்ணு கண்டுபிடிச்சிரும்” என்றாள். கடைசி வரி வரை போய்விட்டு, பாக்கெட்டை மாஸ்டரிடம் நீட்டினாள். “இல்ல. செய்யுங்க.”

மாஸ்டர் சட்டியை மறுபடியும் குழாயடியில் வைத்தார். பையன் நாற்காலியில் ஏறி நின்று மேஜையைத் தட்டினான்.

“இன்னும் எம்புட்டு நேரம்?”

“அஞ்சு நிமிஷம் சாமி” என்றேன். “சட்டி கழுவுறாக.”